42 மணி நேரம் லிஃப்டுக்குள்ள ஒரு மனுஷன்! நம்ம கட்டடத்து லிஃப்டை யாரு பாக்கிறாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?



2024 ஜூலை 13, சனிக்கிழமை. திருவனந்தபுரம் அரசு மருத்துவக் கல்லூரிக்கு முதுகுவலிக்கு டாக்டரைப் பார்க்கப் போனவர், லிஃப்டுல மாட்டிக்கிட்டார். அலாரத்தை அமுக்கியும் யாரும் வரலைன்னு பிறகு அவரே சொன்னார். போன் கீழ விழுந்து உடைஞ்சு போச்சு. வெளிய எடுத்தது திங்கட்கிழமை காலையில. ஏறத்தாழ 42 மணி நேரம், இருட்டுல, சோறு தண்ணி இல்லாம. வீட்டுல ஆளைக் காணோம்னு போலீஸ்ல புகார் கொடுத்துட்டாங்க.

களியக்காவிளை தாண்டினா ஒரு மணி நேரத்துல போற ஆஸ்பத்திரி அது. நம்ம மாவட்டத்துல அங்க போகாத குடும்பம் எத்தனை இருக்கும்?

அப்புறம் என்ன நடந்துச்சு? லிஃப்ட் ஆபரேட்டர் ரெண்டு பேரும் டூட்டி சார்ஜென்ட்டும் சஸ்பெண்ட். எப்பவும் இதே கதைதான்! அடிமட்டத்துல நிக்கிறவன் தலையில கைய வச்சுட்டு ஃபைலை மூடிருவாங்க. பராமரிப்பு ஒப்பந்தத்துல என்ன எழுதியிருந்தது, அலாரம் அடிச்சா எங்க கேக்கணும், ராத்திரி லிஃப்டை நிறுத்தும்போது உள்ள ஆள் இருக்கான்னு பாக்கிறது யார் பொறுப்பு? இந்தக் கேள்விகள்தான் முக்கியம். இதை கேரளாவுக்கு மட்டும் கேக்கலை. நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டத்துல நீங்க தினமும் ஏறி இறங்குற கட்டடத்துக்கும் சேர்த்துத்தான் கேக்குறோம்.

🔴 சட்டம் இருக்கு. கேக்கதுக்குத்தான் ஆள் இல்ல.

2023 ஆகஸ்டுல நொய்டா அடுக்குமாடி ஒண்ணுல லிஃப்ட் கோளாறுல ஒரு மூதாட்டி இறந்தார். உத்தரப்பிரதேசத்துல லிஃப்டுக்குன்னு தனிச் சட்டமே அதுக்கப்புறம், 2024-லதான் வந்தது. கேரளாவுல 2013-ல வந்தது. நம்ம தமிழ்நாட்டுல 1997-லேயே லிஃப்ட் சட்டம் வந்தாச்சு. லிஃப்ட் வைக்க அனுமதி வாங்கணும், ஓட்ட உரிமம் வாங்கணும். ரெண்டையும் பாக்கிறது மின் ஆய்வுத் துறை. இத்தனை வருஷம் ஆகியும், தினமும் ஏறுற லிஃப்டோட உரிமம் உயிரோட இருக்கான்னு பத்துப் பேரைக் கேட்டா ஒருத்தருக்காவது தெரியுமா?

🔴 கயிறு அறுந்துரும்னு பயப்படாதீங்க. வேற ஒண்ணுக்குப் பயப்படுங்க.

இன்ஜினியரிங் படிச்சவன்ங்கற முறையில ரெண்டு விஷயம் சொல்லுறேன். ஒரு லிஃப்டை ஒரே கயிறு தாங்குறது இல்ல, பல கயிறு இருக்கும். வேகம் எல்லை தாண்டினா கவர்னர்னு ஒரு கருவி சேஃப்டி கியரை இழுத்து, தண்டவாளத்தைக் கவ்விப் பிடிக்க வைக்கும். 1850-கள்லேயே எலிஷா ஓட்டிஸ் நியூயார்க்ல கயிறை வெட்டிக் காட்டி, பெட்டி கீழ விழாதுன்னு நிரூபிச்சுட்டார்.

அப்போ ஆபத்து எங்க? கதவுல! பெட்டி அந்த மாடியில இல்லாதப்போ கதவு திறக்கக் கூடாது. கதவு திறந்திருந்தா லிஃப்ட் நகரக் கூடாது. இதுக்குத்தான் டோர் லாக் ஸ்விட்ச். அது பழுதானா புதுசு போடணும். ஆனா குறைஞ்ச காசுக்கு ஒத்துக்கிட்டு வர்ற ஆளு, ஒரு துண்டு வயரை வச்சு ஷார்ட் பண்ணி விட்டுட்டுப் போயிருவான். "லிஃப்ட் ஓடுதுல்லா சார்?" ஓடும். கதவைத் திறந்து வச்சுக்கிட்டும் ஓடும். ஒரு நாள் பேரப்பிள்ளையைக் கூட்டிக்கிட்டு வர்ற ஆச்சி கதவைத் திறந்து கால் வைப்பா. அங்க பெட்டி இருக்காது.

இதுக்குப் பேர் விபத்து இல்ல. இதுக்குப் பேர் லோ கோட்டேஷன்.

🔴 "அசோசியேஷன்ல காசு இல்ல"ன்னு சொல்லுற அண்ணாச்சிகளுக்கு ஒரு கணக்கு.

பேச்சுக்கு வச்சுக்கிடுவோம். ரெண்டு கம்பெனி கோட்டேஷனுக்கும் வருஷத்துக்கு 12,000 ரூபாய் வித்தியாசம். 20 வீடு இருக்கு. ஒரு வீட்டுக்கு வருஷம் 600, மாசம் 50 ரூபாய். ரெண்டு டீயும் ரெண்டு ரசவடையும் திங்கிற காசு. அதுலயும் குறைஞ்ச கோட்டேஷன்ல பெரும்பாலும் உதிரிபாகம் சேராது. எண்ணெய் போட்டுத் துடைக்க மட்டும்தான் அந்தக் காசு. போர்டு போச்சு, கயிறு தேஞ்சுதுன்னா தனி பில். கடைசியில ரெண்டையும் கூட்டிப் பாருங்க, எது மலிவுன்னு புரியும்.

✅ கையெழுத்துப் போடுறதுக்கு முன்னால கேளுங்க:

1. ஒப்பந்தத்துல உதிரிபாகம் சேருமா, சேராதா? சேராத பொருள்களோட பட்டியல் எழுத்துல எங்க?

2. டெக்னீஷியன் எங்க இருக்கார்? திருநெல்வேலியில இருந்து வரணும்னா 80 கிலோமீட்டர். உள்ள ஆள் மாட்டினா எத்தனை நிமிஷத்துல வருவீங்க, ஞாயித்துக்கிழமை ராத்திரி போனை எடுப்பீங்களா? பதிலை ஒப்பந்தத்துல எழுதச் சொல்லுங்க.

3. எங்க லிஃப்டோட கன்ட்ரோலர் போர்டு உங்களுக்குக் கிடைக்குமா? கம்பெனி பூட்டு போட்ட மாடல்னா வெளி ஆள் கைவைக்க முடியாது. வேலை எடுத்த பிறகு "போர்டு கிடைக்கல"ன்னு கைவிரிச்சா நாம என்ன செய்ய?

4. ஒவ்வொரு விசிட்டுலயும் டோர் லாக், பிரேக், கவர்னர், அலாரம், கரன்ட் போனா பக்கத்து மாடிக்குக் கொண்டு விடுற ஏ.ஆர்.டி. பேட்டரி, எல்லாத்தையும் சோதிச்சு பதிவேட்டுல எழுதுவீங்களா? அந்தப் பதிவேடு நம்ம கட்டடத்துலதான் இருக்கணும்.

5. இப்போ நீங்க பாக்கிற கட்டடம் ரெண்டு சொல்லுங்க. நேர்ல போய் அங்க உள்ள வாட்ச்மேனைக் கேளுங்க. அவர் பொய் சொல்ல மாட்டார்.

நம்ம ஊருக்குன்னு இன்னொண்ணும் உண்டு. தென்மேற்கு, வடகிழக்குன்னு ரெண்டு பருவமழையும் பெய்யுற மாவட்டம் இது. வயலை நிரப்பிக் கட்டின கட்டடத்துல லிஃப்ட் குழியில தண்ணி ஊறும். குளச்சல், முட்டம் பக்கம் உப்புக்காத்து இரும்பைத் தின்னுரும். அதனால குழியில இறங்கிப் பாக்காத கம்பெனிக்கு ஒரு பைசா கொடுக்காதீங்க.

🔴 அரசுக் கட்டடம்னா?

இங்கதான் அதிகாரிகள் நம்ம காதுல பூ சுத்துறாங்க. "டெண்டர்ல குறைஞ்சவனுக்குத்தான் கொடுக்க முடியும், சட்டம் அப்படி"ன்னு சொல்லுவாங்க. 1998-ம் வருஷத்து டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டத்துல குறைஞ்ச டெண்டர்ங்கறது உண்மைதான். ஆனா தகுதி என்ன, வேலை என்ன, எப்படி மதிப்பிடணும்னு டெண்டர் ஆவணத்துல எழுதுறது யாரு? அதே ஆபீஸ்தானே! எத்தனை நிமிஷத்துல ஆள் வரணும், உதிரிபாகம் சேரணும், தாமதமானா அபராதம்னு எழுத எந்தச் சட்டம் தடுக்குது? எழுதாம விட்டுட்டு சட்டத்து மேல பழி போடாதீங்க.

நம்ம கோரிக்கை எளிமையானது. மாவட்டத்துல உள்ள ஒவ்வொரு பொது லிஃப்டுலயும் ஒரு போர்டு. உரிம எண், அது முடியுற தேதி, பராமரிக்கிற கம்பெனி, கடைசியாப் பாத்த தேதி, 24 மணி நேரமும் எடுக்கிற போன் நம்பர். ராத்திரி லிஃப்டை நிறுத்துறதுக்கு முன்னால உள்ள பாத்துக் கையெழுத்துப் போட ஒரு பதிவேடு. இதுக்குக் கோடி ரூபாய் திட்டம் வேண்டாம். தகரப் பலகையும் மனசும் போதும். அதைக்கூட செய்ய மாட்டோம்னா, ரிப்பன் வெட்டி போட்டோ எடுக்க மட்டும் லிஃப்ட் எதுக்கு?

📢 தம்பி தங்கச்சிகளே, இந்த வாரம் நமக்கு வேலை இருக்கு.

உங்க ஊர் அரசு ஆஸ்பத்திரியோ அலுவலகமோ, அங்க உள்ள லிஃப்டோட உரிமம், பராமரிப்பு ஒப்பந்தம், பதிவேட்டு நகல் கேட்டு தகவல் உரிமைச் சட்டத்துல மனு போடுங்க. கட்டணம் 10 ரூபாய். 30 நாள்ல பதில் தரணும். தனியார் கட்டடம்னா உரிமையாளரைக் கேளுங்க, பதில் இல்லன்னா மின் ஆய்வுத் துறைக்கு எழுதுங்க. நம்ம கட்சிக்காரர் கட்டடமா இருந்தாலும் விடாதீங்க, முதல்ல அங்கேயே கேளுங்க. அப்பதான் அடுத்தவன்கிட்ட கேக்க நமக்கு வாய் இருக்கும்.

மனு எழுதத் தெரியலைன்னா கமென்ட்ல சொல்லுங்க, மாதிரி மனு அனுப்புறோம். இந்தப் பதிவை உங்க ஃபிளாட் வாட்ஸ்அப் குரூப்புலயும் போடுங்க. முதல் ஆளா யாரு கோபப்படுறாங்கன்னு பாருங்க. கோட்டேஷன் ஃபைல் அவங்ககிட்டதான் இருக்கும்! 😄

– தகவல் தொழில்நுட்ப அணி, கன்னியாகுமரி மாவட்டம்

#லிஃப்ட்_உரிமம்_எங்கே #குறைஞ்ச_விலை_யாரு_உயிரு #குமரி_கேக்குது