கரும்பலகையில் என் பெயர்

எங்கள் பேட்டையில் ஒரு சமுதாயக் கல்லூரி இருக்கிறது. மாடியில் இரண்டு வகுப்பறை, கீழே ஒரு ஹால், வாசலில் ஒரு கரும்பலகை. அதில் வாராவாரம் 'வரவிருக்கும் நிகழ்ச்சிகள்' என்று சாக்பீஸில் எழுதிப் போடுவார்கள். பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது நான் விடாமல் படிக்கிற இலக்கியம் அதுதான்.

போன மாதம் ஒருநாள் பார்த்தால்:

திங்கள்: தன்னம்பிக்கைச் சொற்பொழிவு.

புதன்: இலவசக் கண் பரிசோதனை.

வெள்ளி காலை 11 மணி: 'வங்கியும் நாமும்' - முனைவர்... அப்புறம் என் பெயர்!

பேசச் சொல்லிக் கேட்டது வாஸ்தவம். ஆனால் நான் வெறும் பி.காம்.! காஸ்ட் அக்கவுண்டிங்கில் இரண்டாவது தடவைதான் கரையேறினேன். ஒரு சாக்பீஸ் என்னை டாக்டராக்கிவிட்டது. இனிஷியல் வேறு தப்பு.

"அப்ப அது வேற யாரோ. நீங்க போகாதீங்க" என்றாள் மனைவி.

போனேன்.

சமுதாயக் கல்லூரி என்பது அமெரிக்காவில் ஜோலியட் என்ற ஊரில் 1901-ல் ஆறே மாணவர்களோடு ஆரம்பித்த சமாசாரம். நம் பக்கம் 1995-ல் பாண்டிச்சேரிக்கும், அடுத்த வருஷம் சென்னைக்கும் வந்தது. படிப்பைப் பாதியில் விட்டவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தையல், ஏ.ஸி. ரிப்பேர், நோயாளியைக் கவனிப்பது என்று ஒரு தொழிலும், நாலு பேரிடம் பேசுகிற தைரியமும் கற்றுக்கொடுக்கிற இடம். மார்க் ஷீட்டைப் பார்த்து முகம் சுளிக்காத கல்லூரி.

ஹாலில் நாற்பது நாற்காலி, ஒன்பது பேர். ஒருவர் மைக் செட்காரர். இன்னொருவர் புதன்கிழமை கண் பரிசோதனைக்கு வெள்ளிக்கிழமை வந்தவர்.

"ஸ்டூடண்ட்ஸ் எங்கே மேடம்?"

"ஆஸ்பத்திரி, கடைன்னு ட்ரெயினிங் போயிருக்காங்க சார். பதினோரு மணிக்கு எப்படி வருவாங்க?" என்றார் முதல்வர், ஏதோ நான்தான் நேரம் குறித்த மாதிரி.

பொன்னாடை போர்த்தினார்கள். 'இந்தியப் பொருளாதாரம்' என்று பதினாலு பக்கம் எழுதிக்கொண்டு போயிருந்தேன். இரண்டாம் பக்கத்தில் கடைசி வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. நர்ஸிங் உதவியாளர் கோர்ஸில் படிக்கும் பெண்ணின் அம்மா. ஃபீஸ் கட்ட வந்தவர், ஃபேன் காற்றுக்கு உட்கார்ந்திருக்கிறார்.

"சார், எங்க வீட்டுக்காரர் ஆவணியில மாரடைப்புல போயிட்டாரு. பேங்க்ல நாமினி இல்ல, வாரிசு சர்ட்டிபிகேட் கொண்டான்னு சொல்றாங்க. உள்ள இருக்கறது எண்ணூறு ரூபா. அலையற ஒவ்வொரு நாளும் என் கூலி போவுது. விட்டுடலாமா?"

பாஸ்புக்கை நீட்டினார். எண்ணூறுதான். சும்மா புரட்டினேன். இரண்டு வருஷமாக மே மாதக் கடைசியில் 436 ரூபாய் பிடித்திருந்தார்கள். கூடவே ஒரு 20.

"இது என்னம்மா?"

"மெசேஜ் அனுப்பறதுக்குப் பிடிக்கிறாங்கன்னு அவர் திட்டிக்கிட்டே இருப்பாரு சார்."

எனக்குக் கை நடுங்கியது. 20 ரூபாய் விபத்துக் காப்பீடு, மாரடைப்புக்கு உதவாது. ஆனால் 436 என்பது பிரதமர் பெயரில் இருக்கும் ஆயுள் காப்பீடு. ஜூனிலிருந்து அடுத்த மே வரை, எப்படி இறந்தாலும் இரண்டு லட்சம். அதற்குத் தனிப் படிவம், அதில் தனி நாமினி உண்டு.

"அவருக்கு என்ன வயசு?"

"நாப்பத்தி மூணு சார்."

ஐம்பதுவரை சேரலாம். சொன்னேன். அந்த அம்மா சிரிக்கவில்லை, அழவில்லை. பாஸ்புக்கை வாங்கி முந்தானையில் சுற்றிக்கொண்டார். அப்புறம் மெதுவாக, "சும்மா திட்டிட்டாரே..." என்றார்.

பாக்கிப் பன்னிரண்டு பக்கத்தையும் மடித்துப் பையில் வைத்தேன். அன்றைக்கே இறப்புச் சான்றிதழோடு இரண்டு பேரும் வங்கிக்குப் போய் மனு கொடுத்தோம். பணம் இன்னும் வரவில்லை, ரசீது இருக்கிறது.

நான் யோசிப்பதெல்லாம் அந்த முப்பத்தோரு காலி நாற்காலிகளைப் பற்றித்தான். அதில் உட்கார வேண்டியவர்கள் வீட்டிலும் பாஸ்புக் இருக்குமே! நிகழ்ச்சியைச் சிறப்பு விருந்தினரின் வசதிக்கு வைக்கிறோம். கூலிக்குப் போகிறவர்களின் வசதிக்கு வைப்பதில்லை. முதல்வரிடம் சொன்னேன். பெரிய மனசு, கோபித்துக்கொள்ளவில்லை.

இந்த வாரக் கரும்பலகை:

'ஞாயிறு மாலை 5 மணி. பாஸ்புக்கோடு வாருங்கள். டீ உண்டு.'

கீழே என் பெயர். முனைவர் போய்விட்டது. இனிஷியல் மட்டும் அதே தப்பு.

"வேற யாரோதான் நல்லா பேசியிருக்கார் போல" என்கிறாள் மனைவி.