கேட்பதைச் சொல்வதும் கேட்க வைப்பதும்

சமூக ஊடகங்களில் இசை அன்பர்களிடையே ஒரு வழக்கம் வேரூன்றியுள்ளது. அன்று கேட்ட கீர்த்தனையின் பெயர், ராகம், தாளம், பாடியவர், பதிவான ஆண்டு ஆகியவற்றை இரண்டு வரிகளில் எழுதி, செயலியின் திரைப்படத்தை இணைத்துவிடுவது அவ்வழக்கம். மார்கழி பிறந்துவிட்டால் இத்தகைய பதிவுகள் பெருகுகின்றன. ஒருவர் 1960களின் கச்சேரிப் பதிவொன்றைக் குறிப்பிட்டால், அடுத்தவர் அதனினும் பழைய, அதனினும் அரிய பதிவொன்றைக் குறிப்பிடுகிறார். இதில் தீங்கு ஏதும் இல்லை. ஆயினும், இதனைப் பகிர்வு என்று அழைப்பது பொருந்துமா என்பது எண்ணிப் பார்க்க வேண்டிய வினா. கேட்டதைச் சொல்வது வேறு. கேட்க வைப்பது வேறு. இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள தொலைவை உணர்ந்துகொள்ளக் கோலார் தங்கவயலை அடுத்த ஒரு சிற்றூரின் அனுபவம் துணைசெய்யும்.

அவ்வூர் பூதிகோட்டை. ஹைதர் அலி பிறந்த ஊர் என்று வரலாற்று மாணவர்கள் அதனை அறிவர். ஊடகத்தை ஆராய்பவர்கள் வேறொரு காரணத்திற்காக அதனை நினைவுகூர்வர். 2003ஆம் ஆண்டில் அங்கு ‘நம்ம த்வனி’ என்னும் சமுதாய வானொலி தொடங்கப்பெற்றது. கன்னடத்தில் அதற்கு ‘நமது குரல்’ என்பது பொருள். மைராடா, வாய்சஸ் என்னும் தொண்டு நிறுவனங்களும் யுனெஸ்கோவும் அதற்குத் துணைநின்றன. வானொலி என்று அழைக்கப்பட்டாலும் அதன் ஒலி வானில் பரவவில்லை. கேபிள் கம்பி வழியாகவே வீடுகளைச் சென்றடைந்தது. இதற்குக் காரணம் சட்டம். வானலைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்திருந்தது. ஆனால், 2002ஆம் ஆண்டின் இறுதியில் அரசு வகுத்த கொள்கை கல்வி நிறுவனங்களுக்கு மட்டுமே சமுதாய வானொலி நடத்த இடமளித்தது. அதன்படி 2004ஆம் ஆண்டு பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் நிலையம் சென்னையில் ஒலிக்கத் தொடங்கியது. தொண்டு நிறுவனங்களுக்கும் சமுதாய அமைப்புகளுக்கும் அந்த வாயில் 2006ஆம் ஆண்டில்தான் திறந்தது. அதுவரை காத்திராத பூதிகோட்டை, அலை மறுக்கப்பட்ட இடத்தில் கம்பியை இழுத்துக்கொண்டது.

நம்ம த்வனி செவ்வியல் இசைக்காக ஏற்பட்டதன்று. வேளாண்மை, உடல்நலம், மகளிர் தன்னுதவிக் குழுக்களின் செய்திகள், உள்ளூர்ப் பாடல்கள் ஆகியவையே அதன் உள்ளடக்கம். ஆயினும், கேட்டலைப் பகிர்வது என்றால் என்ன என்பதற்கு அதனிடம் தெளிவான விடை இருந்தது. ஓர் அறையில் எழும் ஒலி அடுத்த தெருவில் உள்ளவரின் செவியை அடைய வேண்டும். அதற்கான வழியை ஒலிப்பவர் ஏற்படுத்தித் தர வேண்டும். எதை ஒலிப்பது என்பதில் கேட்பவருக்கும் பங்கு இருக்க வேண்டும். இம்மூன்றும் அமைந்தால்தான் அது பகிர்வு. இன்றைய இரண்டு வரிப் பதிவுகளில் இவற்றுள் எது இருக்கிறது?

செவ்வியல் இசையும் ஒரு காலத்தில் இந்தப் பொறுப்பை உணர்ந்தே இருந்தது. மைசூர் டி. சௌடய்யா நான்கு தந்திகள் கொண்ட வயலினில் மேலும் மூன்றைச் சேர்த்து ஏழு தந்தி வயலினை உருவாக்கினார். ஒலிவாங்கி பரவாத அக்காலத்தில், அரங்கின் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவருக்கும் நாதம் எட்ட வேண்டும் என்பதே அவர் நோக்கம். 1935ஆம் ஆண்டில், மைசூர் மகாராஜா கல்லூரியின் உளவியல் பேராசிரியர் எம். வி. கோபாலஸ்வாமி தம் இல்லத்திலேயே 30 வாட் ஆற்றல் கொண்ட ஒலிபரப்புக் கருவியை நிறுவினார். நாடே பின்னர் ஏற்றுக்கொண்ட ‘ஆகாசவாணி’ என்னும் பெயர் அந்த வீட்டு வானொலிக்கு இடப்பட்ட பெயர்தான். அதற்கும் முன்பாக, 1930ஆம் ஆண்டு முதல் சென்னை மாநகராட்சி வானொலி நடத்தியது. வானொலிப் பெட்டி வாங்க இயலாதவர்களுக்காகக் கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகள் வைக்கப்பட்டன. சபாவின் வாயிலைத் தாண்ட இயலாத ஒருவர், மணலில் அமர்ந்து ஒரு வித்வானின் ஆலாபனையைக் கேட்க முடிந்தது. அவர் ராகத்தின் பெயரை அறிந்திருந்தாரா என்று எவரும் கேட்கவில்லை.

பொதுக் கேட்டலை முற்றிலும் போற்றிவிடவும் இயலாது. ஒலிபெருக்கியின் விசை எப்போதும் ஒருவர் கையில்தான் இருந்தது. 1952ஆம் ஆண்டில் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி. வி. கேஸ்கர், செவ்வியல் இசையின்பால் கொண்ட பற்றினால் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களுக்கு இடமில்லாமல் செய்தார். நேயர்கள் அவருடன் வாதிடவில்லை. பெட்டியின் முள்ளை இலங்கை வானொலியின் பக்கம் திருப்பினர். இறுதியில் 1957ஆம் ஆண்டில் விவித பாரதியைத் தொடங்கி அரசே இறங்கிவர வேண்டியதாயிற்று. அதே காலத்தில் வானொலியின் தேசிய இசை நிகழ்ச்சி எண்ணற்ற இல்லங்களுக்குப் பெரும் வித்வான்களைக் கொண்டுசென்றது என்பதும் உண்மை. நல்ல இசையைக் கொடுத்தது குற்றமன்று; மற்றதைப் பறித்ததுதான் பிழை. திணிப்பு ஒரு முனை. வெறும் பெயர்ப்பட்டியல் மறுமுனை. பகிர்வு இவற்றுக்கு இடையில் நிற்கிறது.

இன்று விசை ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது. தங்கவயலின் சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28 அன்று மூடப்பட்ட பின்னர், அங்குள்ள தமிழ்க் குடும்பங்களைச் சேர்ந்த பலர் மாரிக்குப்பத்திலும் அடுத்துள்ள நிலையங்களிலும் ரயிலேறி நாள்தோறும் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று திரும்புகின்றனர். அந்தப் பயணியின் கைப்பேசியில், முன்பு செல்வந்தர்களின் இசைத்தட்டுப் பேழைகளில் மட்டுமே இருந்த பதிவுகள் அனைத்தும் வந்து சேர்ந்திருக்கின்றன. கம்பி எட்டிவிட்டது. ஆனால் அவர் அவற்றைத் தேட மாட்டார். எதைத் தேட வேண்டும் என்பதை அவருக்கு எவரும் சொல்லவில்லை. தற்செயலாக அவர் கண்ணில் படும் பதிவில் ராகத்தின் பெயரும், மேளகர்த்தாவின் எண்ணும், ‘இதற்கு மேல் என்ன சொல்ல’ என்னும் வியப்பும் மட்டுமே உள்ளன. அதைப் படிப்பவர் அடையும் முதல் உணர்வு, இது தமக்கான இடமன்று என்பதே. தமக்குப் பிடித்த ஒரு நாகஸ்வர இசையைப் பற்றி ஓரிரு சொற்கள் எழுத அவர் எண்ணியிருக்கலாம். ராகத்தின் பெயரைத் தவறாகச் சொல்லிவிடுவோமோ என்னும் அச்சத்தால் அதையும் எழுதாமல் விடுகிறார். செவ்வியல் இசைக்குக் கேட்போர் அருகிவருகின்றனர் என்று வருந்துவோர், வந்து நின்ற ஒருவர் வாயிலிலேயே திரும்பிச் செல்வதைக் காண்பதில்லை.

இந்த இழப்பு கோலார்ப் பகுதியில் கூடுதலாக வருத்தம் தருவதற்கு ஒரு காரணம் உண்டு. அங்கே கன்னடமும் தெலுங்கும் தமிழும் ஒரே சந்தையில் கலந்து ஒலிக்கின்றன. புரந்தரதாசர் கன்னடத்திலும், தியாகராஜர் தெலுங்கிலும், கோபாலகிருஷ்ண பாரதி தமிழிலும் பாடினர். 1940களில் தமிழிசை இயக்கம் எழுப்பிய வினா நியாயமானது: புரியாத மொழியில் மட்டுமே கேட்க வேண்டுமென்று தமிழரை ஏன் கட்டாயப்படுத்த வேண்டும்? அந்த வினாவின் வலிமையைக் குறைக்காமலேயே ஒன்றைச் சொல்லலாம். கச்சேரி மேடையின் மூன்று மொழிகளையும் அன்றாட வாழ்வில் செவிமடுத்து வளரும் வாய்ப்பு, சென்னையின் சபா உறுப்பினரைவிடத் தங்கவயலின் தொழிலாளர் குடியிருப்பில் பிறந்தவருக்கே மிகுதி. இசையின் மொழிகள் அவருக்கு அயலானவை அல்ல. இசையைப் பற்றிப் பேசுவோரின் மொழிதான் அவருக்கு அயலாக இருக்கிறது.

அந்த மொழியை மாற்றுவது கடினமன்று. டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடியை ஒருவர் கேட்கிறார் என்று கொள்வோம். ‘தோடி, எட்டாவது மேளம், ஈடில்லாதது’ என்று அவர் எழுதினால், முன்பே அறிந்தவர் தலையசைப்பார், அறியாதவர் கடந்துசெல்வார். மாறாக, இந்த ராகத்தில் காந்தாரம் என்னும் ஸ்வரம் ஓரிடத்தில் அசையாது நிற்பதில்லை என்றும், மேலும் கீழும் ஊசலாடும் அந்த அசைவே தோடியை அடையாளம் காட்டுகிறது என்றும் எழுதலாம். பதிவின் எந்த நிமிடத்தில் அது தெளிவாகக் கேட்கிறது என்பதைக் குறிக்கலாம். நாகஸ்வரம் வீதியில் ஊர்வலத்தின் முன்னே ஒலிப்பதற்கு அமைந்த கருவி, ஆதலால் அதன் நாதம் பரந்த வெளியை நிரப்புகிறது என்பதையும் சேர்க்கலாம். இணைப்பையும் உடன் கொடுக்கலாம். நான்கு வரிகள் கூடும், அவ்வளவே. அந்த நான்கு வரிகள் பூதிகோட்டையில் இழுக்கப்பட்ட கம்பியின் பணியைச் செய்யும்.

கலைச்சொற்களைக் கைவிட்டால் இசை நீர்த்துப்போகும் என்று சிலர் அஞ்சலாம். எவரும் அவற்றைக் கைவிடச் சொல்லவில்லை. காந்தாரம் என்ற சொல்லுக்கு முன் அதன் ஒலியைச் செவியில் பதித்துவிட்டால், சொல் தானே பின்தொடரும். குருகுலத்தில் மாணவர் கற்ற முறையும் இதுவே. பல மாதங்கள் பாடிய பின்னரே இலக்கணம் வந்தது. தம் மகிழ்ச்சிக்காகக் கேட்பவர் ஆசிரியராக வேண்டிய கடமை என்ன என்று வேறு சிலர் வினவலாம். கடமை ஏதும் இல்லைதான். தமக்குள் வைத்துக்கொள்ளும் மகிழ்ச்சிக்கு எவரும் கணக்குக் கேட்க முடியாது. ஆனால் அதனைப் பொதுவெளியில் வைத்து, பகிர்வு என்று பெயரும் சூட்டிய பின்னர், படிப்பவர் அதில் தமக்கும் ஒரு பங்கை எதிர்பார்ப்பது முறையே.

அந்த எதிர்பார்ப்பை நிறைவேற்ற இன்று உரிமம் தேவையில்லை, கம்பி தேவையில்லை, 30 வாட் கருவியும் தேவையில்லை. இன்று கேட்டது எது என்று எழுத அமர்பவர், அந்த இசையை இதுவரை கேட்டிராத ஒருவரை, மாலை ரயிலில் மாரிக்குப்பத்திற்குத் திரும்பிக்கொண்டிருக்கும் ஒருவரை, மனத்தில் நிறுத்தி எழுதினால் போதும். அவர் தயங்கித் தயங்கி, ராகத்தின் பெயரைப் பிழையாகவே குறிப்பிட்டு, தாம் கேட்டதைப் பற்றி மறுமொழி எழுதும் நாளில்தான் பகிர்வு நிகழ்ந்தது என்று சொல்ல முடியும். அன்று அவருடைய பிழையைத் திருத்துவதற்கு முன்பு, அவர் என்ன கேட்டார் என்பதைக் கேட்பது நன்று.