கைமாற்றிக் கொடுக்க ஆள் வேண்டும்

தமிழ் இணையக் கல்விக்கழக இயக்குநர் அவர்களுக்கு,

செஞ்சியில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, பிட் நோட்டீஸ், தாலுகா ஆபீசுக்கு மனு, கோயில் வரவு செலவு என்று அடிப்பது தொழில். பழைய எழுத்துருக்களில் கிடக்கும் கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றித் தருவதும் அதில் ஒரு கிளைத்தொழில். அதற்கு நான் பயன்படுத்தும் மாற்றி ஒரு தன்னார்வலர் எழுதி இலவசமாகத் தந்தது. அதில் ஒரு பிழையைக் கண்டு எழுதினேன். வெகுநாள் கழித்துப் பதில் வந்தது: வேலை, குடும்பம், நேரமே இல்லை, நீங்களே எடுத்து நடத்துகிறீர்களா? பக்கம் வடிவமைக்கத்தான் எனக்குத் தெரியும், நிரல் எழுதத் தெரியாது. அவருக்குச் சொல்ல முடியாத பதிலைத்தான் உங்களுக்கு மனுவாக எழுதுகிறேன்.

இது என் கடைப் பிரச்சினை மட்டுமல்ல. உங்கள் கழகம் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களின் மின்வருடல்களைத் தமிழ் விக்கிமூலத்துக்கு வழங்கியது நல்ல காரியம். படமாக இருந்த அந்தப் பக்கங்களை எழுத்தாக்கக் கைகொடுத்தது, த. சீனிவாசன் எழுதிய ஓசிஆர்4விக்கிசோர்ஸ் என்ற பைத்தான் நிரல். டெண்டர் விட்டு வாங்கியதல்ல. ஒருவர் தன் சொந்த நேரத்தில் எழுதிப் பொதுவில் வைத்தது. ஓப்பன்-தமிழ் நிரல்தொகுப்பும் அப்படித்தான், எ-கலப்பை என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளும் அப்படித்தான். இவற்றில் எதற்கெல்லாம் அடுத்த ஆள் தயாராக இருக்கிறார் என்று சொல்லும் ஒரு பட்டியல் கழகத்திடம் இருக்க வேண்டாமா?

எ-கலப்பையின் தொடக்கப் பதிப்புகள் கீமேன் என்ற மென்பொருளின் மேல் ஓடியவை. அந்தக் கீமேனை ஆஸ்திரேலியாவின் மார்க் டர்டின் உருவாக்கி நடத்திவந்தார். 2015-ல் அது எஸ்ஐஎல் என்ற மொழி அமைப்பின் கைக்குப் போனது. டர்டினும் கூடவே போய் அங்கிருந்து வேலையைத் தொடர்ந்தார். பின்னர் அது முழுக்கக் கட்டற்ற மென்பொருளும் ஆயிற்று. கைமாற்றம் என்றால் எனக்கு இதுதான். சாவியைக் கொடுத்தவர் புதியவர்களுக்குப் பக்கத்திலேயே இருந்தார்.

இதற்கு நேர்மாறானது எக்ஸ்இசட் விவகாரம். கோப்புகளைச் சுருக்கும் சிறு மென்பொருள் அது, ஆனால் லினக்ஸ் ஓடும் இடமெல்லாம் இருக்கும். பின்லாந்தின் லாசே காலின் பல வருடமாக ஏறக்குறைய தனி ஆளாகப் பார்த்துவந்தார். 2021-ல் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் உதவ வந்தார். 2022-ல் முன்பின் தெரியாத சிலர், ஏன் இவ்வளவு தாமதம், வேறு ஆளிடம் கொடுங்கள் என்று காலினை நெருக்கினார்கள். எனக்கு மனநலச் சிக்கல் இருக்கிறது, இது சம்பளமில்லாத வேலை என்று அவர் சொல்லிப் பார்த்தார். நெருக்கடி ஓயவில்லை. கடைசியில் ஜியா டானுக்கு உரிமை கிடைத்தது. 2024 பிப்ரவரியில் வந்த பதிப்பில் அவர் கள்ளக்கதவு ஒன்றை வைத்திருந்தார். சர்வரில் நுழைய அரை வினாடி கூடுதலாகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர் துருவிப் பார்த்ததால் மார்ச் இறுதியில் அது அம்பலமானது. அவருக்குச் சந்தேகம் வராதிருந்தால் உலகத்துச் சர்வர்களில் எத்தனை திறந்து கிடந்திருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது.

செஞ்சிக்காரனுக்கு இதைப் படித்தால் முற்றுகைதான் ஞாபகம் வரும். எங்கள் கோட்டை 1677-ல் சிவாஜியிடம் போனது. 1690 முதல் எட்டு வருடம் முகலாயத் தளபதி ஜுல்பிகர் கான் சுற்றி உட்கார்ந்து 1698-ல் பிடித்தார். பிறகு 1750-ல் பிரெஞ்சுக்காரர், 1761-ல் ஆங்கிலேயர். உள்ளே இருப்பவன் களைக்கும்வரை காத்திருப்பதே பாதி போர். ஆனால் கட்டியவர்கள் போன பிறகும் இன்று அந்தக் கோட்டையைப் பார்த்துக்கொள்ளத் தொல்லியல் துறை இருக்கிறது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டது. நாங்கள் தினமும் தட்டச்சு செய்யும் மென்பொருளுக்குக் காவல்காரன்கூடக் கிடையாது.

அரசு இவற்றை எடுத்து நடத்த வேண்டும் என்று நான் கேட்கவில்லை. உண்மையில் அது வேண்டவே வேண்டாம். அதிகாரி மாறினால் இணையதளமும் மாறும் என்பது உங்களுக்கே தெரியும். புதிதாகச் செயலி தொடங்கி நாடா வெட்டவும் கேட்கவில்லை. ஹேக்கத்தானில் பரிசு வாங்கியவை அடுத்த வருடம் எங்கே என்று யாரும் கேட்பதில்லை.

நான் கேட்பது சம்பளத்துடன் கூடிய கைமாற்றம். இப்போது பராமரிப்பவருக்கு, கற்றுக்கொடுக்கும் நேரத்துக்காக ஒரு தொகை. கற்றுக்கொள்பவருக்கு ஒன்றரை, இரண்டு வருடத்துக்கு உதவித்தொகை. முதல் ஆறு மாதம் புதியவர் பிழை அறிக்கைகளைப் படித்துப் பதில் எழுதினால் போதும். பிறகு சிறு திருத்தம், பிறகு ஒரு பதிப்பை வெளியிடுவது. வெளியீட்டு உரிமை, டொமைன், கடவுச்சொற்கள் எல்லாம் கடைசியில்தான், அதுவும் ஒரே ஆளிடம் இல்லாமல் இருவரிடம். புதிய வசதி சேர்த்தால்தான் பணம் என்ற நிபந்தனை மட்டும் வேண்டாம். அதுதான் பராமரிப்பைக் கெடுக்கும். ஜெர்மனி அரசு 2022-ல் கட்டற்ற மென்பொருள் பராமரிப்புக்காக ஒரு நிதியைத் தொடங்கியது. நம் பெங்களூரு ஜெரோதா நிறுவனம்கூட 2024-ல், கட்டற்ற மென்பொருள்களுக்கு ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் தருவதாக அறிவித்தது. தமிழுக்கு அதில் நூறில் ஒரு பங்கு போதும், தொடங்க.

ஆள் எங்கே என்று கேட்பீர்கள். விழுப்புரத்தில் விஜிஎல்யூஜி என்ற தன்னார்வலர் குழு கிராமப்புற மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருள் சொல்லித்தருகிறது. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே இறுதியாண்டு புராஜெக்ட் என்று கடையில் வாங்கி பைண்ட் போட்டுக் கொடுப்பது ஊரறிந்த விஷயம். பைண்டிங் வேலை என் கடைக்கும் வருகிறது, அதனால் சொல்கிறேன். இருக்கிற தமிழ் மென்பொருள் ஒன்றில் பத்துப் பிழைகளைத் திருத்தி, பராமரிப்பவர் அவற்றை ஏற்றுக்கொண்டால் அதையே புராஜெக்டாக எடுத்துக்கொள்ளலாம் என்று அண்ணா பல்கலைக்கழகத்துக்கு நீங்கள் ஒரு கடிதம் எழுத முடியும்.

2024 பிப்ரவரியில் கணித்தமிழ் மாநாடு நடத்தினீர்கள். அடுத்த மாநாட்டில் அரங்கு ஒன்றை இந்தக் கைமாற்றத்துக்கு ஒதுக்குங்கள். பராமரிப்பவர்கள் ஒரு பக்கம், மாணவர்கள் ஒரு பக்கம், நடுவில் திறந்த மடிக்கணினிகள். சிறப்புரை வேண்டாம். என் எழுத்துரு மாற்றியின் பிழைப் பட்டியலுடன் நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
செஞ்சியிலிருந்து ஒரு டிடிபி கடைக்காரன்