இருமல் வரும்வரை காத்திருக்கலாமா?

2019-21இல் நடந்த தேசியக் காசநோய்ப் பரவல் ஆய்வில் ஒரு கணக்கு வருகிறது. நோய் உறுதியானவர்களில் 42.6% பேரை, மார்பு எக்ஸ்-ரே எடுக்காமல் அறிகுறிகளை மட்டும் விசாரித்திருந்தால் தவறவிட்டிருப்போம். அவர்களுக்கு இருமல் இல்லை. இருந்தாலும் யாரிடமும் சொல்லும் அளவுக்கு இல்லை. அறிகுறி இருந்தவர்களிலும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் எந்த மருத்துவரையும் பார்த்திருக்கவில்லை. ‘இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா? உடனே சளிப் பரிசோதனை செய்யுங்கள்’ என்று ஆரம்ப சுகாதார நிலையங்களின் சுவர்களில் பல ஆண்டுகளாக எழுதிவைத்திருக்கிறோம். நோயாளிகளில் கணிசமானவர்களைக் குறித்து அந்த வாசகம் எழுதப்படவே இல்லை.

2025க்குள் இந்தியாவில் காசநோயை முடிவுக்குக் கொண்டுவருவோம் என்று 2018 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது. கெடு முடிந்துவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2015இல் லட்சம் பேருக்கு 237 ஆக இருந்த புதிய நோயாளிகளின் எண்ணிக்கை 2023இல் 195 ஆகக் குறைந்தது. உலக சராசரியைவிட வேகமான சரிவுதான். ஆனால், அந்த ஓர் ஆண்டில் மட்டும் இங்கே சுமார் 28 லட்சம் பேருக்கு நோய் வந்தது. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இலக்கு தவறியதற்காக யாரையாவது கூண்டில் ஏற்றுவதில் எனக்கு ஆர்வமில்லை. கையில் நல்ல கருவியும் நல்ல மருந்தும் வந்துசேர்ந்த பிறகும் சரிவு ஏன் இவ்வளவு மெதுவாக இருக்கிறது என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

காசநோயின் வரலாற்றில் கண்டறிதலும் சிகிச்சையும் சேர்ந்து நடந்த காலம் மிகவும் குறைவு. 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் கோக் கிருமியைக் காட்டிவிட்டார். அதைக் கொல்ல மருந்து இல்லை. அடுத்த அறுபது ஆண்டுகளுக்கு நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு என்பதே வைத்தியம். தாம்பரத்தை அடுத்த ரயில் நிலையத்தின் பெயரில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கும் ‘சானடோரியம்’ அந்தக் காலத்தின் மிச்சம். எழுத்தாளர் புதுமைப்பித்தன் 1948 ஜூன் 30 அன்று காசநோயால் இறந்தார். ஸ்ட்ரெப்டோமைசின் இந்த நோயைக் கட்டுப்படுத்தும் என்பதை நிறுவிய பிரிட்டிஷ் சோதனையின் முடிவு அச்சில் வந்தது அதே ஆண்டு அக்டோபரில். பிறகு 1952இல் ஐசோனியாசிட், 1960களில் ரிஃபாம்பிசின் என்று மருந்துகள் வரிசையாக வந்தன. அப்போது மருந்து முன்னே ஓட, கண்டறியும் முறை கோக் காலத்து நுண்ணோக்கியிலேயே நின்றுவிட்டது.

அந்த முறை எப்படி வேலை செய்கிறது என்று கிட்டே போய்ப் பார்க்கலாம். நோயாளி காலையில் வாய் கொப்பளித்துவிட்டு, மூச்சை ஆழமாக இழுத்து, நெஞ்சிலிருந்து இருமிச் சளியைக் குப்பியில் துப்ப வேண்டும். வெறும் எச்சில் என்றால் உதவாது. ஆய்வக நுட்பநர் அதில் சீழ்போல் இருக்கும் பகுதியைக் குச்சியால் எடுத்துக் கண்ணாடிச் சில்லில் தடவி, சிவப்புச் சாயம் ஊற்றிச் சூடுகாட்டி, அமிலத்தால் கழுவி, நீலச் சாயத்தில் நனைத்து நுண்ணோக்கியில் வைப்பார். நீலப் பின்னணியில் சிவப்புக் குச்சிகள் தெரிந்தால் காசநோய். ‘இல்லை’ என்று எழுதுவதற்கு முன் குறைந்தது நூறு புலங்களைப் பார்த்தாக வேண்டும். ஒரு மேசையில் இருபது முப்பது சில்லுகள் காத்திருக்கும் நாளில் ஐம்பதாவது புலத்துக்குப் பிறகு கண் என்ன பார்க்கும் என்பதை வாசகரின் ஊகத்துக்கே விடுகிறேன். ஒரு மில்லி லிட்டர் சளியில் 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருந்தால்தான் இந்த முறையில் தென்படும். அதாவது, நோய் முற்றி, வீட்டில் இருப்பவர்களுக்கும் பரவத் தொடங்கிய பிறகே ஒருவர் ‘நோயாளி’ ஆகிறார். குழந்தைகளுக்குச் சளியைத் துப்பவே தெரியாது. எச்.ஐ.வி. உள்ளவர்களின் சளியில் கிருமி குறைவாகவே இருக்கும். முதுகெலும்பிலோ நிணநீர்க் கட்டியிலோ வரும் காசநோய்க்குச் சளியில் தடயமே இருக்காது.

2010 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த ஜீன்எக்ஸ்பர்ட் இந்த நிலையை மாற்றியது. கிருமியின் மரபணுவையே தேடும் இந்தக் கருவிக்கு மில்லி லிட்டருக்கு 130 கிருமி போதும். ‘அல்ட்ரா’ என்ற அடுத்த பதிப்புக்கு 16 போதும். இரண்டு மணி நேரத்துக்குள் முடிவு வரும். ரிஃபாம்பிசினுக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதையும் சேர்த்தே சொல்லிவிடும். குளிர்சாதன அறையும் தடையில்லாத மின்சாரமும் அதற்குத் தேவை என்ற குறையை, பேட்டரியில் ஓடும் ட்ரூநாட் கருவியைக் கொண்டு கோவாவின் மோல்பயோ நிறுவனம் நிரப்பியது. 2020இல் அதற்கும் உலக அங்கீகாரம் கிடைத்தது.

இவ்வளவுக்குப் பிறகும் பல இடங்களில் முதல் பரிசோதனை நுண்ணோக்கிதான். சொல்லப்படும் காரணம் செலவு. ஜீன்எக்ஸ்பர்ட்டின் ஒரு கார்ட்ரிட்ஜ் 2012 முதல் பதினோரு ஆண்டுகள் 9.98 டாலராகவே இருந்தது. ஐந்து டாலருக்குத் தர முடியும் என்று நோயாளிகளின் அமைப்புகள் போராடிய பிறகு 2023இல் 7.97 டாலராக இறங்கியது. ஆனால், சாயம் ஊற்றிய சில்லு மலிவு என்பது அரைக் கணக்கு. ‘நெகட்டிவ்’ என்று திருப்பி அனுப்பப்பட்டவர் இரண்டு மாதம் கழித்து இளைத்துப்போய்த் திரும்பி வருகிறார். அதற்குள் அவர் இழந்த கூலியையும், வீட்டில் தொற்றிய இன்னொருவரின் ஆறு மாத மருந்தையும் எந்தக் கொள்முதல் அதிகாரியும் அந்தச் சில்லின் விலையோடு கூட்டிப் பார்ப்பதில்லை. மரபணுப் பரிசோதனையும் குறையற்றதல்ல. முன்பே சிகிச்சை முடித்தவரின் நுரையீரலில் கிடக்கும் செத்த கிருமியின் டி.என்.ஏ.வைக்கூட ‘அல்ட்ரா’ பிடித்துவிடும். அந்த முடிவை எடைபோட ஒரு மருத்துவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

புதிய பரிசோதனை என்றாலே நல்லது என்று நம்பிவிடவும் கூடாது. ரத்தத்தில் எதிர்ப்புப்பொருளைத் தேடிக் காசநோயைச் சொல்லிவிடலாம் என்று விற்கப்பட்ட பரிசோதனைகள் ஒரு காலத்தில் தனியார் ஆய்வகங்களில் கொடிகட்டிப் பறந்தன. நோய் இல்லாதவரை நோயாளி என்றும், நோயாளியை நலமானவர் என்றும் சொன்ன அவற்றைப் பயன்படுத்தக் கூடாது என்று 2011இல் உலக சுகாதார நிறுவனம் எச்சரித்தது. 2012இல் இந்தியா தடை செய்தது. அந்தச் சந்தை உருவானதற்குக் காரணம் எளியது. இருமல் உள்ளவர்களில் பலர் முதலில் போவது பக்கத்துத் தெருவின் தனியார் கிளினிக்குக்கு. அங்கே இருமல் மருந்தும் ஆன்டிபயாடிக்கும் கிடைக்கும். அதில் ஃப்ளூரோகுயினலோன் வகை மாத்திரை இருந்துவிட்டால் காசநோய் சற்று அடங்கியதுபோல் காட்டி, சரியான கண்டறிதலை இன்னும் சில வாரங்கள் தள்ளிப்போடும்.

இருமாதவர்களைத் தேடிப் போகும் கருவியும் இப்போது இருக்கிறது. கையில் தூக்கிச் செல்லக்கூடிய எக்ஸ்-ரே கருவியும், படத்தைப் பார்த்துச் சந்தேகத்துக்குரியதைப் பிரித்துக் காட்டும் செயற்கை நுண்ணறிவு மென்பொருளும் சேர்ந்தால், கதிரியக்க நிபுணர் இல்லாத கிராமத்திலும் ஒரே நாளில் ஊர் முழுக்கப் பார்த்துவிடலாம். 15 வயதுக்கு மேற்பட்டோருக்கு இந்த மென்பொருளைப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் ஏற்றுக்கொண்டது. குழந்தைகளின் மலத்திலிருந்தே மரபணுப் பரிசோதனை செய்ய முடிகிறது. நாக்கில் பஞ்சுக்குச்சியைத் தேய்த்து எடுக்கும் மாதிரியைக் கொண்டும் பரிசோதிக்கும் முயற்சிகள் நடக்கின்றன. சளிக் குப்பியை விட்டு வெளியே வருவதுதான் இந்த ஆராய்ச்சிகளின் பொதுத் திசை.

சிகிச்சைப் பக்கம் நடந்திருப்பது இன்னும் பெரிய மாற்றம். பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் சிகிச்சை இருந்தது. அதில் பல மாதங்கள் தினமும் ஊசி. கானமைசின், அமிகாசின் ஊசிகள் பலரின் காதைச் செவிடாக்கின. 2012 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பெடாகுயிலின், நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு வந்த முதல் புதிய வகைக் காசநோய் மருந்து. அதோடு பிரெட்டோமனிட், லினசோலிட், மாக்ஸிஃபிளாக்ஸசின் மூன்றையும் சேர்த்த ‘பிபால்எம்’ சிகிச்சை ஆறே மாதம், ஊசி கிடையாது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு நடத்திய சோதனையில் இந்தச் சிகிச்சை 89% பேருக்குப் பலன் தந்தது. பழைய முறையில் அது 52%தான். இந்தியா 2024இல் இதற்கு ஒப்புதல் அளித்தது.

மருந்து வந்தாலும் விலை வழிவிட வேண்டுமே. பெடாகுயிலினுக்கான ஏகபோகத்தை 2027 வரை நீட்டிக்கக்கூடிய இரண்டாவது காப்புரிமைக்கு ஜான்சன் & ஜான்சன் நிறுவனம் இந்தியாவில் விண்ணப்பித்திருந்தது. அதை எதிர்த்தவர்களில் இருவர் மும்பையின் நந்திதா வெங்கடேசனும் தென்னாப்பிரிக்காவின் ஃபுமேசா டிசிலேயும். காசநோயிலிருந்து மீண்டவர்கள், பழைய மருந்துகளின் பக்கவிளைவால் செவித்திறனை இழந்தவர்கள். 2023 மார்ச்சில் காப்புரிமை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. இந்திய நிறுவனங்கள் மலிவு விலையில் அந்த மருந்தைத் தயாரிக்க வழி திறந்தது.

மருந்து முன்னே ஓட, கண்டறிதல் பின்தங்கும் பழைய கதை இங்கேயும் திரும்புகிறது. பெடாகுயிலினுக்குக் கட்டுப்படாத கிருமிகள் பல நாடுகளில் ஏற்கெனவே தலைகாட்டிவிட்டன. ரிஃபாம்பிசினுக்கு இரண்டு மணி நேரத்தில் விடை தரும் கருவி, பெடாகுயிலின் வேலை செய்யுமா என்று சொல்லாது. கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்க வாரக்கணக்கில் ஆகும். புதிய மருந்தை மாவட்டம்தோறும் கொண்டுபோகும் அதே வேகத்தில் இந்தப் பரிசோதனை வசதியும் போகாவிட்டால், ஐம்பது ஆண்டுகளில் ரிஃபாம்பிசினுக்கு நேர்ந்தது இதற்குப் பத்தே ஆண்டுகளில் நேரலாம்.

கண்டறிதலையும் சிகிச்சையையும் ஒன்றாகப் பிணைத்த முன்மாதிரி வெளியூரில் இல்லை. சென்னை சேத்துப்பட்டில் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருக்கும் மையம் 1956இல் தொடங்கப்பட்டது. அங்கே 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினரைச் சானடோரியத்திலும் இன்னொரு பிரிவினரை நெரிசலான அவர்களுடைய வீடுகளிலும் வைத்து ஓராண்டு ஒரே மாத்திரைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1959இல் வெளியான முடிவு உலகையே திருப்பிப் போட்டது: வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமானார்கள். அவர்களோடு வாழ்ந்த குடும்பத்தினருக்குக் கூடுதல் ஆபத்தும் ஏற்படவில்லை. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதில் இந்த ஆய்வுக்குப் பெரும் பங்கு உண்டு.

அந்த வெற்றிக்கு ஒரு நிழலும் இருந்தது. சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, வீட்டில் அரைவயிறு. ஆனாலும் கிருமி இரு இடத்திலும் ஒரேபோலச் செத்தது. ஆகவே, மருந்து சரியாகப் போனால் சாப்பாடு பெரிய விஷயமில்லை என்ற முடிவுக்கு மருத்துவ உலகம் வந்தது. சளியில் கிருமி மறைவதைப் பொறுத்தவரை அது சரிதான். எடை ஏறாத நோயாளி பிழைத்தாரா, அவர் வீட்டில் அடுத்து யாருக்கு நோய் வந்தது என்ற கேள்விகள் பின்னுக்குப் போய்விட்டன. அறுபது ஆண்டுகளுக்கும் மேலான பிறகு, அதே சென்னை நிறுவனத்தின் பங்கேற்போடு ஜார்க்கண்டில் நடந்த ‘ரேஷன்ஸ்’ ஆய்வு அவற்றுக்கு விடை தேடியது. ஆய்வில் சேர்ந்த நோயாளிகளில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேற்பட்டோர் ஊட்டச்சத்துக் குறைபாடு உள்ளவர்கள். குடும்பத்தினர் 10,345 பேரைப் பின்தொடர்ந்ததில், மாதம் தலைக்கு 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சத்து மாத்திரைகளும் பெற்ற வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39% குறைந்தது. தொற்றும் வகை நுரையீரல் காசநோய் 48% குறைந்தது. ஒரு தடுப்பூசி இந்த அளவு பலன் தந்திருந்தால் முதல் பக்கத்தில் எட்டுப் பத்தித் தலைப்பு வந்திருக்கும்.

தமிழ்நாட்டில் 2022 ஏப்ரலில் தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ இதே தடத்தில் வருவது. சென்னையின் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் இதை வடிவமைத்ததில் உடனிருந்தது. காசநோய் இறப்புகளில் பெரும்பகுதி சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதங்களிலேயே நடந்துவிடுகிறது. எனவே, நோய் உறுதியானதும் சுகாதாரப் பணியாளர் எடையையும் உயரத்தையும் அளக்கிறார். கால் வீக்கம் பார்க்கிறார். விரலில் ஆக்சிமீட்டரை மாட்டுகிறார். நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணுகிறார். பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா என்று கேட்கிறார். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. 14 அல்லது அதற்கும் கீழ், ஆக்சிஜன் 94%க்குக் கீழ், மூச்சு 24க்கு மேல் என்றால் நோயாளி மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார். புதிய கருவி எதுவும் இதில் இல்லை. எடை பார்க்கும் இயந்திரம் கண்டறியும் கருவியாக மாறியிருக்கிறது, அவ்வளவுதான். எல்லா மாநிலங்களும் இதை நகலெடுக்கலாம்.

சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் அரசு இன்னும் தயங்குகிறது. நோயாளிக்கு மாதம் ரூ.500 ஆக இருந்த உதவித்தொகை 2024 நவம்பரிலிருந்து ரூ.1,000 ஆகியிருக்கிறது. குடும்பத்தினருக்கான உணவு, ‘நிக்‌ஷய் மித்ரா’ என்ற பெயரில் முன்வரும் நன்கொடையாளர்களின் மனத்தைப் பொறுத்தது. ரிஃபாம்பிசின் வாங்க நாம் நன்கொடையாளரைத் தேடுவதில்லை. நோய் வராமல் தடுப்பதாக நிரூபணமான பருப்புக்கு மட்டும் ஏன் தேட வேண்டும்? தமிழ்நாட்டில் அதற்கான கடை தெருவுக்குத் தெரு ஏற்கெனவே இருக்கிறது. அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது, குறைவது பருப்புதான். நோயாளியைத் தவிர மூன்று பேர் உள்ள வீட்டுக்கு ஜார்க்கண்ட் அளவின்படி மாதம் நாலரைக் கிலோ பருப்பு வேண்டும். ரேஷனில் குடும்ப அட்டைக்கு ஒரு கிலோ தருகிறார்கள். மீதி மூன்றரைக் கிலோவை ஆறு மாதத்துக்கு அந்த அட்டையில் ஏற்ற, நிக்‌ஷய் என்ற காசநோய்ப் பதிவுத் தளத்தில் ஏற்கெனவே பதிவாகியிருக்கும் நோயாளி எண்ணும் உணவுத் துறையின் ஓர் அரசாணையும் போதும்.