சூரியனுக்கு முதுகு காட்டாதீர்கள்

புதிதாகக் கேமரா வாங்கிய யாருக்கும் கிடைக்கிற முதல் அறிவுரை, "சூரியன் உன் முதுகுக்குப் பின்னாடி இருக்கட்டும்" என்பதுதான். ஊரில் மாமா சொல்வார், கல்யாண வீட்டு போட்டோகிராபர் சொல்வார். மலை, கடல், வயல் என்று எடுக்கக் கற்றுக்கொள்கிறவர்கள் முதலில் தூக்கிப் போட வேண்டியது இந்த அறிவுரையைத்தான் என்பது என் கட்சி.

அந்தக் காலத்தில் அதற்குக் காரணம் இருந்தது. அப்போதைய ஃபிலிமுக்கு நிறைய வெளிச்சம் வேண்டும். லென்ஸில் பூச்சும் கிடையாது. பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் ஏறக்குறைய 4 சதவீத வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். அது லென்ஸுக்குள்ளேயே முட்டி மோதிப் படத்தை வெளுக்க வைக்கும். 1935-ல் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் அலெக்ஸாண்டர் ஸ்மக்குலா அதைக் குறைக்கும் பூச்சை உருவாக்கினார். காரணம் போய்விட்டது, அறிவுரை மட்டும் நிற்கிறது.

நான் இருக்கும் புனேயிலிருந்தே உதாரணம் சொல்கிறேன். மழைக்காலம் முடிந்து அக்டோபரில் சிங்ககட் கோட்டை மேல் நின்று மேற்கே பாருங்கள். காலையில் வெயில் முதுகில் அடிக்கும். எதிரே இருக்கும் மலைகள் எல்லாம் ஒரே பச்சை, ஒரே சப்பை. படத்தைப் பார்த்துவிட்டு "நேரில் பார்த்த மாதிரி இல்லையே" என்போம். அதே இடத்தில் சாயங்காலம் நில்லுங்கள். பக்கத்து மலை கருப்பு, அடுத்தது சாம்பல், அதற்கடுத்தது இன்னும் வெளிறி, கடைசி வரிசை வானத்தோடு கரைந்து நிற்கும். காற்றில் இருக்கும் தூசியும் ஈரமும் வெளிச்சத்தைப் பெரும்பாலும் முன்பக்கமாகத்தான் சிதறடிக்கும். சூரியன் எதிரே இருந்தால் அந்த ஒளி நேராக நம்மிடம் வருகிறது. தூரம் என்பது படத்தில் தெரிவது அப்போதுதான். காலடியில் இருக்கும் புல்லின் ஓரம்கூட மின்னும்.

இன்னொரு காரணமும் உண்டு, என்னைக் கேட்டால் அதுதான் முக்கியம். வெயில் முதுகில் இருந்தால் கேமராவே எல்லா வேலையையும் பார்த்துக்கொள்ளும், நாம் எதையும் கற்றுக்கொள்ள மாட்டோம். எதிர்வெயிலில் வானமும் தரையும் இரண்டுமே முழுசாகக் கிடைக்காது. எதை வைத்துக்கொள்வது, எதை இருட்டில் விடுவது என்று நாம்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவைத்தான் போட்டோ எடுப்பது என்கிறேன்.

செய்முறை ரொம்பச் சுலபம். சூரியனை விட்டுவிட்டு, அதற்குப் பக்கத்து வானத்தில் எக்ஸ்போஷரை அளந்து பூட்டிவிடுங்கள். போனில் என்றால் அந்த இடத்தைத் தொட்டு அழுத்திப் பிடித்து, விரலைக் கீழே இழுங்கள். கேமராவில் ஒன்று, ஒன்றரை ஸ்டாப் குறைத்துப் பாருங்கள். எச்டிஆரை அணைக்க முடிந்தால் அணையுங்கள். பல படங்களைச் சேர்த்து நிழலை எல்லாம் தூக்கிவிட்டு, அஸ்தமனத்தை மத்தியானம் ஆக்கிவிடும் அது. சூரியனை ஒரு மரத்துக்கோ பாறைக்கோ பின்னால் பாதி மறைத்து எஃப்/16-ல் எடுத்தால் நட்சத்திரம் போல விரியும். லென்ஸின் அபர்ச்சரில் 6 இதழ் என்றால் 6 கதிர், 7 என்றால் 14. முக்கியமாக லென்ஸைத் துடையுங்கள். போன் லென்ஸில் இருக்கும் விரல் பிசுக்குதான் பாதிப் படங்களைக் கெடுக்கிறது.

ஒரு எச்சரிக்கை: டிஎஸ்எல்ஆரின் வியூஃபைண்டரில் கண்ணை வைத்து, அதுவும் டெலி லென்ஸ் போட்டு, சூரியனைப் பார்க்கவே பார்க்காதீர்கள். கண் போய்விடும். திரையைப் பார்த்தே எடுங்கள்.

"மூஞ்சியே தெரியலையேப்பா" என்று அம்மா கேட்பார்கள், நிச்சயம் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அம்மாவுக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று என்று இரண்டாக எடுத்துவிடுங்கள் :-) முகம் தெரியாவிட்டால் படமே இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். 'அக்னி நட்சத்திரம்' (1988) படத்தில் பி.சி.ஸ்ரீராம் எதிர்வெளிச்சத்தை வைத்தே எவ்வளவு செய்தார் என்று பார்த்து வளர்ந்தவர்கள்தானே நாம்?

ஊரை விட்டு வந்த குடும்பங்களுக்கு இதை ஏன் சொல்கிறேன் என்றால், நாம் எந்த ஊரிலும் நிலையாக இருப்பதில்லை. மூன்று வருஷம் இங்கே, ஐந்து வருஷம் அங்கே. நம் ஆல்பங்களைத் திறந்தால் கேட்வே ஆஃப் இந்தியா முன்னால், தாஜ்மஹால் முன்னால், வெயிலில் கண் கூசி நிற்கும் பிள்ளைகள். முகம் இருக்கிறது, ஊர் இல்லை. தாஜ்மஹாலுக்கு மேற்கே இருக்கும் மசூதிப் பக்கம் விடியற்காலையில் நின்று பாருங்கள், அதே கட்டடம் சூரியனை மறைத்துக்கொண்டு வேறு ஒன்றாக நிற்கும்.

சென்னை மெரீனாவில் சூரியன் கடலிலிருந்து எழும். அங்கே எதிர்வெயில் காலையில். மும்பை மெரீன் டிரைவில் அது கடல் பக்கம் இறங்கும், எதிர்வெயில் மாலையில். நாகப்பட்டினத்துத் தாத்தாவுக்குக் கடல் என்றால் விடியல். மும்பையில் வளரும் பேத்திக்குக் கடல் என்றால் அந்தி. ஒரே குடும்பத்துக்குள் இவ்வளவு பெரிய வித்தியாசம் வந்துவிட்டது. வெயிலை முதுகில் வைத்து எடுத்த எந்தப் படத்திலும் அது பதிவாகாது.

அடுத்த மாற்றல் ஆர்டர் வருவதற்குள், இருக்கும் ஊரின் வெளிச்சத்தை எடுத்து வைத்துவிடுங்கள். சூரியன் தன் விட்டம் அளவுக்கு இறங்க நம் பக்கத்தில் இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல்தான் ஆகும். அரை மணி முன்னாடியே போய் நின்றுவிடுங்கள்.