ரூபாயா, யூரோவா?

மரக்காணத்து உப்பளங்களைத் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே வந்தால், புதுச்சேரி எல்லைக்குச் சற்று முன்னால் பெரிய முதலியார்சாவடி. பக்கத்திலேயே 1968-ல் தொடங்கப்பட்ட ஆரோவில் இருப்பதால் வெளிநாட்டவர் அன்றாடம் புழங்கும் ஊர். இத்தகைய ஊர்களில் இன்று இளநீர் வண்டியில்கூட க்யூஆர் அட்டை தொங்குகிறது. ஆனால், பாரிஸிலிருந்து வந்தவர் தன் விசா கார்டை வைத்துக்கொண்டு அந்த அட்டையில் ஓர் இளநீருக்குக்கூடப் பணம் கட்ட முடியாது.

கடைக்காரர்மீது குற்றமில்லை. யுபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் வணிகரிடம் கட்டணம் பிடிக்கக் கூடாது என்பது 2020 ஜனவரி 1 முதல் நடைமுறை. மற்ற கார்டுகளில் ஒவ்வொரு விற்பனையிலும் ஒரு பங்கு போய்விடும். மெஷின் வாடகை வேறு. ஐம்பது ரூபாய் வியாபாரத்துக்கு அது கட்டுப்படியாகாது. வெளிநாட்டுப் பயணிகள் ரூபாயை ஏற்றிக்கொண்டு க்யூஆரில் செலவழிக்க, ஜி20 மாநாட்டையொட்டி 2023-ல் ‘யுபிஐ ஒன் வேர்ல்ட்’ வந்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால், குறிப்பிட்ட சில விமான நிலையங்களில் தொடங்கிய அந்த வசதி, சுற்றுலா ஊர்களின் எந்த வங்கிக் கிளையில் கேட்டாலும் கிடைக்க வேண்டும்.

கார்டு செல்லுபடியாகும் இடத்தில் வேறு தொல்லை. விடுதி மெஷினில் வெளிநாட்டு கார்டைச் செருகியதும் திரை சில நேரம் கேட்கிறது: ரூபாயா, யூரோவா? தெரிந்த நாணயமாயிற்றே என்று விருந்தினர் யூரோவை அழுத்துகிறார். அந்த நொடியில் மாற்று விகிதம் அவருடைய வங்கியின் கையை விட்டுப் போய்விடுகிறது. மெஷினுக்குப் பின்னால் இருக்கும் நிறுவனம் தன் லாபத்தையும் சேர்த்து விகிதம் போடுகிறது. ரசீதில் அது பொடி எழுத்தில் வரும், யார் படிக்கிறார்கள்?

சிங்கப்பூரிலும் துபாயிலும் நம்மவர்களுக்கு நடப்பதும் இதுதான். அங்கே மெஷின் ரூபாயைக் காட்டி ஆசை காட்டும். அதை மறுத்து உள்ளூர் நாணயத்தில் கட்டினாலும் செலவு உண்டு: பல இந்திய கார்டுகளில் அந்நியச் செலாவணிக் கட்டணம் 3.5 சதவீதம், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. ஒரு லட்சம் ரூபாய்க்குப் பொருள் வாங்கினால் 4,130 ரூபாய் கூடுதல். ரூபாயை அழுத்தியிருந்தாலோ மோசமான விகிதத்தில் இழப்பு. போதாதென்று பல வங்கிகள் அதற்கும் தனிக் கட்டணம் பிடிக்கின்றன. நாகப்பட்டினத்தில் கப்பலேறிக் காங்கேசன்துறையில் இறங்குபவருக்கு மட்டும் சற்று ஆறுதல்: 2024 பிப்ரவரி முதல் இலங்கையிலும் யுபிஐ உண்டு.

வாடிக்கையாளரைக் காப்பாற்ற ரிசர்வ் வங்கிக்குத் தெரியாமலில்லை. புதிய கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு பூட்டியே தரப்பட வேண்டும், வேண்டியவர் திறந்துகொள்ளட்டும் என்று 2020 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த அதன் விதி, திருட்டுக்கு நல்ல தடுப்பு. அதே அக்கறை கட்டணத்திலும் வேண்டும். விகிதத்தில் எவ்வளவு போகிறது என்பதைப் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே, சதவீதமாக அல்ல, தொகையாகத் திரையில் காட்ட வங்கிகளைக் கட்டாயப்படுத்த வேண்டும்.

அதுவரை, இந்தக் கடற்கரையில் விடுதியும் உணவகமும் நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மெஷினை நீட்டும்போது விருந்தினரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: ரூபாயையே அழுத்துங்கள்.