பலகைக்கு விலை உண்டு, யோசனைக்கு?

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ சமீபத்தில் பால் காய்ச்சிய நான்கு வீடுகளுக்குள் அடுத்தடுத்துப் போய்ப் பார்த்தால், எது யாருடைய வீடு என்று சொல்வது கடினம். ஹாலில் டிவிக்குப் பின்னால் ஒரே மாதிரி வரிவரியான பலகை, மேலே விளிம்பில் விளக்கு பதித்த ஃபால்ஸ் சீலிங், பளபளக்கும் மைக்கா ஒட்டிய மாடுலர் கிச்சன், படுக்கையறையில் ஒரு சுவர் முழுக்கக் கப்போர்டு. இதே வீட்டைக் கோயம்புத்தூரிலும் பார்க்கலாம், குர்கானிலும் பார்க்கலாம். வீட்டுக்காரருக்கு ரசனை போதாது என்று இதற்குக் காரணம் சொல்கிறவர்கள் உண்டு. டிசைனருக்கு என்று ஒரு பாணி இல்லை என்பவர்களும் உண்டு. எனக்கு இந்த இரண்டு விளக்கமும் போதவில்லை. நம் குமரி மாவட்டத்து இன்டீரியர் டிசைனர் எந்தப் பாணியில் வேலை செய்கிறார் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அவருக்குப் பணம் வந்து சேரும் வழிதான். யோசிப்பதற்கும் அளப்பதற்கும் வரைவதற்கும் கூலி கிடையாது, பலகைக்கு மட்டும் சதுர அடிக் கணக்கில் கூலி உண்டு என்ற ஏற்பாடு இருக்கும் வரை இந்த மாவட்டத்து வீட்டுக்கு என்று ஒரு உள்ளழகு பிறக்காது.

அவருடைய வேலை நாளைக் கொஞ்சம் பார்ப்போம். தச்சர்கள் வருவதற்கு முன்பே சைட்டுக்குப் போயாக வேண்டும். வரைபடத்தில் நேராக இருக்கும் சுவர் கட்டி முடித்தபின் நேராக இருப்பதில்லை. தரை கால் அங்குலம் சரிந்திருந்தால் போதும், கப்போர்டின் கதவுகள் ஒன்றுக்கொன்று வரிசை பிசகி நிற்கும். அதனால் ஒவ்வொரு சுவரையும் மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அளக்கிறார். கட்டில் எந்தப் பக்கம் வரும் என்று முடிவாகாமல் எலக்ட்ரீஷியன் சுவிட்சுக்குச் சுவரை வெட்ட முடியாது. சிங்க் இடம் மாறினால் பிளம்பர் போட்ட குழாய் வீண். மதியம் மைக்கா கடையில், கேட்ட நிறம் ஸ்டாக் இல்லை என்று தெரிந்ததும் அதற்கு ஒத்துப்போகிற வேறொன்றைத் தேட வேண்டும். இரவில், டியூட்டி முடிந்த வீட்டுக்காரர் துபாயிலிருந்தோ மஸ்கட்டிலிருந்தோ கூப்பிடுவார். இன்ஸ்டாகிராமில் பார்த்த படங்கள் வாட்ஸப்பில் வரிசையாக வந்து விழும். அதன்பிறகு உட்கார்ந்து 3டி படம் போட வேண்டும். வெளியில் தெரிகிற உடையும் அலுவலகமும் சமூக ஊடகப் பக்கமும்தான் டிசைனரின் ஸ்டைல் என்று பேசப்படுகிறது. உண்மையில் அவருடைய பாணி உருவாகக்கூடிய இடம் இந்த நாளின் சின்னச் சின்ன முடிவுகள்தான். ஆனால் இவற்றில் எதற்கும் பில் கிடையாது. பெரும்பாலான வேலைகளில் அளவும் வரைபடமும் 3டியும் இலவசம். வேலை கிடைத்தால் உண்டு, கிடைக்காவிட்டால் போனது போனதுதான்.

பணம் எங்கிருந்து வருகிறது? கடைக்கு வரும் பிளைவுட் பலகை ஒன்று எட்டடி நீளம், நான்கடி அகலம், 32 சதுர அடி. கப்போர்டின் ஆழம் பெரும்பாலும் இரண்டடியாக இருப்பதற்கு இந்த நான்கடியைச் சரிபாதியாக அறுத்தால் சேதம் இல்லை என்பதும் ஒரு காரணம். வீட்டுக்காரருக்கு விலை சொல்வது முன்பக்கப் பரப்பைக் கணக்கிட்டு, சதுர அடிக்கு இவ்வளவு என்று. அந்த விலைக்கும் அடக்கத்துக்கும் இடையிலுள்ள மிச்சம்தான் டிசைனரின் வருமானம். கடைக்காரர் கொடுக்கும் கமிஷனும் இந்தத் தொழிலில் பரவலான வழக்கம். ஆக, பரப்பு கூடினால்தான் வருமானம் கூடும். "இந்தச் சுவரில் கப்போர்டு வேண்டாம், ஜன்னலை மறைக்கும்" என்று நல்ல டிசைனர் ஒருவர் சொன்னால் அந்த வார்த்தைக்கே அவர் தன் கையிலிருந்து பணம் கொடுக்கிறார். இதைத் தனிமனிதரின் நேர்மைக் குறைவாகப் பார்க்க வேண்டியதில்லை. கட்டடக் கலைஞர்களுக்கு 1972-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பதிவு செய்யாதவர் ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ள முடியாது. அவர்களுடைய கவுன்சில் கட்டண முறையையும் வகுத்துத் தந்திருக்கிறது. இன்டீரியர் டிசைனருக்கு அப்படி ஒரு சட்டப் பாதுகாப்பு இல்லை. யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம். அப்படியிருக்கும்போது முறையாகப் படித்துவிட்டு வந்தவர் கட்டணம் கேட்டால், பக்கத்துத் தெருவில் இலவசமாகப் படம் போட்டுத் தருகிறார்களே என்ற பதில்தான் கிடைக்கும்.

இதனால் வருகிற நட்டத்தை நம் மண்ணில் வைத்துத்தான் அளக்க வேண்டும். தமிழ்நாட்டின் பெரும்பகுதி ஒரு பருவமழையை நம்பியிருக்க, குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டும் உண்டு. சுமார் 1,700 சதுர கிலோமீட்டர்தான் பரப்பு, அதற்குள் மூன்று வேறு உலகங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றும் வேகத்திலேயே தோவாளைப் பக்கத்து வீடுகளுக்குள் புழுதியைக் கொண்டுவந்து சேர்க்கிறது. குலசேகரம், திற்பரப்புப் பக்கம் ரப்பர் தோட்டத்து ஈரம். துணி காய்வதற்கே நாளாகும். குளச்சல், முட்டம் கடற்கரையில் உப்புக் காற்று இரும்பு ஆணியையும் மட்டமான கீலையும் சீக்கிரமே தின்றுவிடும். இந்த மூன்று இடத்துக்கும் ஒரே கேட்டலாக்கில் இருந்து ஒரே கிச்சன் போகிறது. சாரல் அடிக்கும் மேற்குச் சுவரோடு ஒட்டவைத்த கப்போர்டின் பின்பலகையை ஆடிமாதம் கழித்துக் கழற்றிப் பார்த்தால் விஷயம் தெரியும். சுவர் ஓதம் காத்திருக்கும், பலகையில் சாம்பல் நிறத்தில் பூஞ்சணம் படர்ந்திருக்கும், அடியில் சிதல் மண் ஏறியிருக்கும், மடித்துவைத்த பட்டுப் புடவையில் வாடை பிடித்திருக்கும். எம்டிஎஃப் பலகையாக இருந்தால் ஓரம் உப்பி மைக்கா வாய் திறந்திருக்கும். சுவருக்கும் பலகைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி, காற்றுப் போக மேலும் கீழும் திறப்பு, முடிந்தால் அந்தச் சுவரையே விட்டுவிட்டு உள்சுவருக்கு மாற்றுவது, இவ்வளவுதான் தேவைப்பட்டிருக்கும். இது பலகையால் வருகிற தீர்வு இல்லை. மழைக்காலத்தில் அந்த வீட்டில் அரைநாள் நின்று பார்த்தவருக்கு வருகிற யோசனை, அந்த அரைநாளுக்குத்தான் நாம் கூலி தர மறுக்கிறோம்.

நம் ஊரில் இதற்கு முன்மாதிரி இல்லாமலும் இல்லை. தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. 1601 வாக்கில் தொடங்கி, பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் மார்த்தாண்ட வர்மா காலத்தில் விரிவாகி, 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகராக இருந்த இடம். இன்றும் தமிழ்நாட்டு மண்ணில் கேரளத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் நிற்கிறது. அங்கே மந்திரசாலை என்ற ஒரே ஓர் அறையைக் கவனித்தால் போதும். வெளியே தள்ளிய மரச்சட்ட ஜன்னல்கள், அவற்றில் கண்ணாடிக்குப் பதிலாக வண்ண அபிரகத் தகடுகள். வெயிலின் கூச்சமும் புழுதியும் வெளியே நிற்கின்றன, மென்மையான வெளிச்சம் மட்டும் உள்ளே வருகிறது. காற்றுக்கும் வழி இருப்பதால் உச்சிவேளையிலும் அறை குளிர்ந்து கிடக்கிறது. கண்ணாடிபோல் மின்னும் கறுப்புத் தரை, சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்ந்த கலவை என்று சொல்லப்படுகிறது. ஆலோசனைக்கு உட்காருகிறவர்களின் கண்ணுக்கும் உடம்புக்கும் என்ன வேண்டும் என்று யாரோ உட்கார்ந்து யோசித்த பிறகு செய்த அறை அது. ஒட்டியிருக்கும் அலங்காரம் என்று அதில் எதையும் பிரித்தெடுக்க முடியாது.

அரசருக்கு எதுவும் முடியும் என்று இங்கே ஒருவர் மறுக்கலாம். சரி, எளியவர்களுக்குக் கட்டியவரைப் பார்ப்போம். 1917-இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், 1970 வாக்கில் திருவனந்தபுரத்தில் குடியேறி 2007-இல் இறக்கும் வரை அங்கேயே வேலை செய்தார். நாகர்கோவிலில் இருந்து சுமார் எழுபது கிலோமீட்டர்தான். பூசாத செங்கல், எலிப்பொறிக் கட்டு, ஓட்டை விட்டுக் கட்டிய ஜாலிச் சுவர், சுவரோடு சேர்த்தே கட்டிய திண்ணையும் அலமாரியும் என்று பார்த்தவுடன் சொல்லிவிடக்கூடிய பாணி அவருடையது. அந்தப் பாணி வந்த வழி முக்கியம். மனையில் நின்ற மரத்தை வெட்டாமல் சுவரை வளைத்தார், கொத்தனாரோடு சைட்டில் நின்று அங்கேயே முடிவெடுத்தார், தேவையில்லாததை நீக்கிக்கொண்டே போனார். சதுர அடிக்கு மிச்சம் பார்க்கும் ஒப்பந்தத்தில் இருந்திருந்தால் அந்த நீக்கல் ஒவ்வொன்றும் அவருக்கு நட்டமாகியிருக்கும்.

பணம் கொடுக்கிறவர் கேட்பதைச் செய்வதுதானே முறை என்பது வலுவான ஆட்சேபம். வளைகுடாவில் வெயிலில் நின்று சம்பாதித்தவருக்குத் தன் வீடு பளபளவென்று இருக்க வேண்டும் என்ற ஆசை நியாயமானது, அதைக் கேலி செய்ய யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் அவர் படத்தில் காட்டிக் கேட்பது ஒரு தோற்றம். அது இந்த மழையில் எத்தனை வருஷம் நிற்கும் என்று சொல்லக் கூடியவர் டிசைனர்தான். லாபம் எதிர்ப்பக்கம் இருக்கும்போது அவர் அதைத் துணிந்து சொல்வார் என்று எதிர்பார்க்க முடியாது. நடுத்தரக் குடும்பத்துக்குத் தனிக் கட்டணம் சுமை என்பது அடுத்த ஆட்சேபம். அந்தச் சுமை இப்போதும் இருக்கிறது, பலகை விலைக்குள் ஒளிந்திருக்கிறது, அவ்வளவுதான். பல வீடுகளில் தேவையில்லாத இரண்டு அறை ஃபால்ஸ் சீலிங்கை விட்டாலே கட்டணத்தின் பெரும்பங்கு ஈடாகிவிடும்.

பழைய வீடு இருட்டு, அயினி மரத்துக்கும் தேக்குக்கும் எங்கே போவது, ஐந்து சென்ட் மனையில் நடுமுற்றம் வைத்த நாலுகெட்டு வீடு கட்ட முடியுமா என்றும் கேட்பார்கள். முடியாது, கட்டவும் வேண்டாம். இந்த மாவட்டத்தின் ரப்பர் தோட்டங்களில் பால் வற்றி வெட்டப்படும் மரம், மருந்தேற்றிப் பதப்படுத்தினால் நல்ல அறைக்கலன் மரம். மயிலாடியில் கல் கொத்தும் கைகள் இன்னும் இருக்கின்றன. 1820-களில் நாகர்கோவிலில் மிஷனரிப் பெண்கள் கற்பித்துத் தொடங்கிய லேஸ் பின்னலுக்கு ஒரு ஜன்னல் திரையில் இடம் கொடுக்கலாம். இவற்றைத் தேடிப் போய்ப் பேசி, மாதிரி செய்து பார்க்க நாட்கள் ஆகும். அந்த நாட்களுக்கும் கூலி கிடைக்க வேண்டுமானால், டிசைனரிடம் வேலை கொடுக்கும்போது வடிவமைப்புக் கட்டணம், பொருள், கூலி மூன்றையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லலாம். பொருள் பில் கடையில் இருந்து வீட்டுக்காரர் பெயருக்கே நேராக வரட்டும், கமிஷன் இல்லை என்று டிசைனரும் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். வரைபடத்துக்கான தொகையில் ஒரு பங்கை முதல் அளவெடுக்கும் அன்றே கொடுத்துவிடலாம். அப்போதுதான் அவர் மழை பெய்கிற ஒரு நாளில் திரும்பவும் வந்து, எந்தச் சுவர் நனைகிறது என்று பார்ப்பார்.